ஓட்டர் ஜாபிதாவும் பிரஜாவுரிமையும்

கூட்டுறவுச் சங்கத்தில் ஓட்டுக் கொடுக்கும் பாத்தியதை எவருக்கு உண்டு என்பதைச் சங்க அங்கத்தினர் யாவரும் நன்கு அறிவர். பங்குத் தொகையைச் செலுத்தி, அங்கத்தினர் ரிஜிஸ்தரில் பெயர் பதியப்பெற்றவருக்கே அது உண்டு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். சங்கப் பண்டகசாலையில் இருபது வருஷமாகச் சாமான் வாங்குகிறவராயினும், அங்கத்தினராகச் சேராதவர் மகாசபைக் கூட்டத்தில் கை தூக்க இயலாது. தேசத்தின் தேர்தல்களிலும் ஏறக்குறைய இதே முறைதான் கையாளப்படுகிறது. அங்கே அங்கத்தினர் ஸ்தானத்தில் நிற்பது பிரஜாவுரிமை. ரிஜிஸ்தரின் ஸ்தானத்தில் நிற்பது ஓட்டர் ஜாபிதா. இவ்விரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிடில் ஓட்டு இல்லை.

இந்த விஷயம் மற்ற ஊர்களைக் காட்டிலும் திருப்பூரைச் சூழ்ந்த பிரதேசத்திற்கு மிகவும் பொருந்துவதாகும். திருப்பூர் ரயில் நிலையத்திற்கு அண்மையிலுள்ள காதர்பேட்டைக் கடைவீதியில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவர், பல தேசத்து மனிதரையும் பல பாஷைகளையும் அங்கே காணலாம். பனியன் மூட்டைகளைத் தூக்குபவர் ஒரிஸாவிலிருந்து வந்தவராயிருப்பார். தையல் மிஷினில் அமர்ந்திருப்பவர் பீகாரைச் சேர்ந்தவராயிருப்பார். இராக்காவல் புரிபவர் நேபாளத்தவராயிருக்கலாம். மொத்தமாகச் சரக்கு வாங்க வந்தவர் ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா தேசத்தவராயிருக்கலாம். இவர்கள் யாவரும் இங்கே வாடகை கொடுக்கிறார்கள். சாமான் வாங்கும்போதெல்லாம் விலையோடு சேர்ந்த வரியையும் செலுத்துகிறார்கள். ஆயினும் இவர்களுள் சிலருக்கு இங்கே ஓட்டு உண்டு, சிலருக்கு இல்லை. இதன் காரணத்தை அறியாமையால், உரிமையுள்ளவர் அதை இழந்து நிற்பதும், உரிமையில்லாதவர் பிறர் சொற்கேட்டு மனுப் போட்டுக் குற்றத்திற்கு உள்ளாவதும் நேரிடுகின்றன.

முன்னிருந்த நிலை

பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் ஓட்டுரிமை பெரும்பாலும் சொத்தையும் வரியையும் ஒட்டியதாக இருந்தது. 1919-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடைபெற்ற தேர்தல்களில் நிலவரியோ, நகர வரியோ குறிப்பிட்ட அளவு செலுத்தியவர்களே ஓட்டர்களாயினர். 1921-இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கும் அவ்வுரிமையை வழங்கியது. எனினும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. 1935-ஆம் வருஷத்துச் சட்டம் ஓட்டர்களின் தொகையைப் பெருக்கிற்று. அப்பொழுதும் வரி, சொத்து, எழுத்தறிவு முதலிய தகுதிகள் நிலைத்தே இருந்தன. ஆகவே, உழுபவனும் நெய்பவனும் கூலிக்காரனும் பெரும்பாலும் ஜாபிதாவுக்கு வெளியிலேயே நின்றனர்.

1950-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 26-ஆம் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் இத்தகுதிகள் யாவற்றையும் அகற்றியது. அதன் 326-ஆவது பிரிவின்படி பார்லிமெண்டின் மக்கள் சபைக்கும் ராஜ்யச் சட்டசபைகளுக்கும் நடைபெறும் தேர்தல், வயது வந்தோர் யாவருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் நடைபெறவேண்டும். 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் ஓட்டர்களாகப் பதியப்பெற்றிருந்தனர். சொத்து என்னும் வேலி வீழ்ந்தது. ஆனால் பிரஜாவுரிமை என்னும் எல்லை நின்றது. ஓட்டுரிமை இந்தியப் பிரஜைக்கே உரியது என்று அதே பிரிவு தெளிவாகக் கூறுகின்றது.

சட்டம் விதிக்கும் தகுதிகள்

ஜாபிதாவில் பெயர் பதியப்பெறுவதற்கு வேண்டியவை மூன்று. முதலாவது, இந்தியப் பிரஜையாக இருத்தல். இரண்டாவது, 18 வயது நிரம்பியிருத்தல். 1989-ஆம் வருஷம் வரையில் இது 21 வயதாக இருந்தது; அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தத்தால் 18 ஆகக் குறைக்கப்பட்டது. மூன்றாவது, அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருத்தல். வயதைக் கணக்கிடுவதற்கு முன்னர் ஜனவரி முதல் தேதி ஒன்றே கொள்ளப்பட்டது. 2021-ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் கொள்ளப்படுகின்றன.

இனி, விலக்கப்படுவோர் யாவர் என்பதை 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியப் பிரஜையல்லாதவர், சித்தசுவாதீனமற்றவர் என்று கோர்ட்டால் தீர்மானிக்கப்பட்டவர், தேர்தல் குற்றங்களுக்காக ஓட்டுரிமை நீக்கப்பெற்றவர் ஆகிய இவர்களுக்கு ஜாபிதாவில் இடமில்லை. இவற்றுள் முதலாவதாகப் பிரஜாவுரிமையே வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

பஞ்சாயத்து, முனிசிபாலிடி, மாநகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்களின் தேர்தலுக்குத் தனி விதி இருக்குமோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களை நடத்துவது 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டசபைத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஸ்தாபனங்கள் இரண்டாயினும் ஜாபிதாவின் மூலம் ஒன்றே. சட்டசபைத் தொகுதியின் ஜாபிதாவையே வார்டு வார்டாகப் பிரித்து ஸ்தல தேர்தலுக்கு உபயோகிக்கிறார்கள். ஆகவே சட்டசபை ஜாபிதாவில் இல்லாதவருக்குப் பஞ்சாயத்துத் தலைவரையோ, 60 வார்டுகள் கொண்ட திருப்பூர் மாநகராட்சியின் கவுன்ஸிலரையோ தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. கிராம சபையில் அங்கம் வகிப்பவரும் அக்கிராமத்து ஜாபிதாவில் கண்டவரே. குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் பற்றித் தீர்மானம் செய்யும் இடத்தில் நிற்பதற்கும் அந்த ஒரு வரிப் பதிவே ஆதாரமாகும்.

பிரஜை எவர்?

1955-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் இதனை விவரிக்கிறது. பிறப்பினால் வரும் உரிமையே பெரும்பாலோருக்குப் பொருந்துவது. ஆனால் பிறந்த தேதியைப் பொறுத்து விதி மாறுகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எத்தேசத்தவராயினும், சொற்பமான சில விலக்குகள் தவிர, இந்தியப் பிரஜையாவார். 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின்னும் 2004 டிசம்பர் 3-ஆம் தேதிக்கு முன்னும் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாயிருத்தல் வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் பிரஜைகளாகவோ, அன்றி ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவோ இருத்தல் வேண்டும்.

பிறப்பன்றி, வமிசத்தினாலும், பதிவினாலும், நெடுங்காலம் வசித்து மனுச் செய்து பெறுவதனாலும் பிரஜாவுரிமை கிட்டும். இந்தியப் பிரஜையை மணந்த அன்னிய தேசத்தவர், மணம் புரிந்த அன்றே பிரஜையாகிவிடுவதில்லை. ஏழு வருஷம் இங்கே வசித்தபின் பதிவு கோரலாம். இதற்கு மாறாக, வேறொரு தேசத்தின் பிரஜாவுரிமையை இச்சையுடன் பெற்றுக்கொண்ட இந்தியர், அப்பொழுதே இந்தியப் பிரஜாவுரிமையை இழக்கிறார். அத்தகையோருக்குச் சர்க்கார் வழங்கும் 'அயல்நாட்டு இந்தியக் குடிமகன்' அட்டை வந்து போவதற்கும் வசிப்பதற்கும் பயன்படும், ஓட்டுக்குப் பயன்படாது. ஆனால் அன்னிய தேசத்தில் வேலையாயிருந்தும் இந்தியப் பிரஜையாகவே நீடிப்பவர், 2011 முதல், தமது பாஸ்போர்ட்டில் கண்ட ஊரின் ஜாபிதாவில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

ஆதார் அட்டை பிரஜாவுரிமைக்குச் சான்றாகாது என்பதை 2016-ஆம் வருஷத்து ஆதார் சட்டமே 9-ஆவது பிரிவில் கூறுகிறது. ரேஷன் கார்டும், மின்சார ரசீதும், வாடகைச் சீட்டும் ஒருவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்பதைக் காட்டுமேயன்றி, அவர் எத்தேசத்துப் பிரஜை என்பதைக் காட்டமாட்டா.

காதர்பேட்டையில் வசிப்போர் நிலை

இவ்விதிகளைக் காதர்பேட்டையில் காணும் நால்வருக்குப் பொருத்திப் பார்ப்போமாயின் விஷயம் விளங்கும். நைஜீரியா வியாபாரி முறையான வீஸாவுடன் வந்து, வீடு வாடகைக்கு எடுத்து, லட்சக்கணக்கில் சரக்கு வாங்குகிறவராயினும் அன்னிய தேசத்துப் பிரஜையே. அவருக்கு ஓட்டு இல்லை. நேபாளத்துக் காவற்காரர், 1950-ஆம் வருஷத்து இந்திய-நேபாள உடன்படிக்கையின்படி இங்கே தங்கவும் தொழில் புரியவும் உரிமை பெற்றவர். எனினும் அவ்வுடன்படிக்கை ஓட்டுரிமையை அளிக்கவில்லை. வங்காள தேசத்திலிருந்து தஸ்தாவேஜு எதுவுமின்றி வந்து மில்லில் சேர்ந்தவருக்கு ஓட்டு இல்லாததோடு, தங்குவதற்கே உரிமை இல்லை.

பீகார்த் தொழிலாளியின் நிலை முற்றிலும் வேறானது. அவர் இந்தியப் பிரஜை. தமிழ் அறியாதவர், வேறு ராஜ்யத்தில் பிறந்தவர் என்ற காரணங்களால் அவருடைய உரிமை குறைவதில்லை. இந்தியாவில் ராஜ்யத்துக்கு ராஜ்யம் தனிப் பிரஜாவுரிமை கிடையாது, உள்ளது ஒன்றே. ஆகவே அவர் காதர்பேட்டையில் சாதாரணமாக வசிப்பவராயிருந்தால் இங்கேயே ஓட்டராகலாம். அவ்வாறு பதியப்பெற்றபின் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலிலும் மாநகராட்சித் தேர்தலிலும் ஓட்டளிக்கலாம். பார்வைக்கு அன்னியராகத் தோன்றுபவர் யாவரும் சட்டப்படி அன்னியரல்லர் என்பதை ஊரார் மனத்தில் இருத்தவேண்டும்.

சாதாரணமாக வசித்தல் என்பது என்ன?

ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அங்கே வசிப்பதாகாது என்று சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்லுகிறது. சிறிது காலம் வெளியூர் சென்றிருப்பதனால் வசிப்பிடம் அற்றுப்போவதுமில்லை என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. ஆகவே, தாராபுரம் தாலுகாவிலிருந்து மூன்று மாதம் பனியன் கம்பெனிக்கு வந்து அறுவடைக்குத் திரும்பும் குடியானவர் தமது கிராமத்து ஓட்டராகவே நீடிப்பார். குடும்பத்தோடு வந்து, குழந்தைகளைப் பள்ளியிற் சேர்த்து, வருஷக்கணக்கில் திருப்பூரிலேயே தங்கிவிட்டவர் திருப்பூரில் பதிந்துகொள்வதே முறை. வாடகைச் சீட்டு முதலியன இல்லாது தெருவோரத்தில் படுத்துறங்குபவருக்கும் உரிமை உண்டு. அவர் இரவில் அங்கே உறங்குகிறாரா என்பதை அலுவலர் நேரில் சென்று பார்த்துப் பதிவு செய்ய ஏற்பாடு இருக்கிறது.

இரண்டு இடங்களில் பதிந்துகொள்வது மட்டும் கூடாது. ஊரில் ஒன்றும் வேலை செய்யும் இடத்தில் ஒன்றுமாகப் பெயர் இருப்பது 17-ஆவது பிரிவுக்கு விரோதம். இடம் மாறியவர் 8-ஆம் நம்பர் படிவத்தில் மனுச் செய்தால் பெயர் மாற்றப்படும். மனுவில் தெரிந்தே பொய்யுரைப்பவருக்கு ஒரு வருஷம் வரை சிறைவாசமோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க 31-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பிரஜையல்லாதவரைப் பிரஜை என்று எழுதி மனுச் செய்யத் தூண்டுகிறவர்கள், அபாயத்தை அவர் தலையிலேயே சுமத்துகிறார்கள்.

இலங்கையிலிருந்து வந்தோர்

பிரஜாவுரிமை நீங்கினால் ஓட்டு நீங்கும். ஓட்டு நீங்கினால் குறைகளைக் கேட்பார் இல்லாமற் போவர். இதற்கு இலங்கையின் மலைநாட்டுத் தமிழரின் சரித்திரத்தைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை. 1947-ஆம் வருஷத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1948-ஆம் வருஷத்து 18-ஆம் நம்பர் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவராக்கிற்று. அடுத்த வருஷத்தில், பிரஜைகளே ஓட்டளிக்கலாம் என்று தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952-ஆம் வருஷத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூடப் பார்லிமெண்டுக்குச் செல்லவில்லை. தேயிலை பறித்த கைகள் அவையே, தோட்டங்களும் அவையே, ஜாபிதா மட்டும் மாறிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகா அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு தேசங்களும் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவ்வாறு இந்தியப் பிரஜாவுரிமை பெற்றுத் தாயகம் திரும்பியோர் நீலகிரி முதலிய இடங்களில் குடியமர்ந்து ஓட்டர்களும் ஆயினர். இலங்கையிலேயே தங்கியிருந்த எஞ்சியோருக்கு 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வழி செய்தது. ஐம்பத்தைந்து வருஷங்கள் இதற்குக் கழிந்தன.

1983 முதல் கலவரத்தினின்றும் யுத்தத்தினின்றும் தப்பி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர் நிலை வேறு. ஒரே பாஷை பேசுபவராயினும் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அன்னிய தேசத்தவரே. 2019-இல் செய்யப்பட்ட பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்றிலிருந்து வந்த சில மதத்தினரைக் குறித்தது; இலங்கை அதில் சேரவில்லை. எனினும் மேலே கூறிய தேதி விதி இவர்களுள் சிலருக்குத் துணை நிற்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, பிறப்பினாலேயே தாம் இந்தியப் பிரஜை என்று சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்காடினார். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவராதலால், அவருக்குப் பாஸ்போர்ட்டு வழங்கும்படி 2022 ஆகஸ்டில் கோர்ட்டு உத்தரவிட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த அவர் 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் முதன்முறையாக ஓட்டளித்தார். அவருக்கு இரண்டு வருஷம் பின்னால் பிறந்திருந்தால், அதே முகாமில் பிறந்தும், அந்த வழி அவருக்குத் திறந்திராது.

பிற தேசங்களின் வழக்கம்

இவ்விஷயத்தில் தேசங்கள் யாவும் ஒரே கொள்கையுடையன அல்ல. நியூஜீலந்தில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்ற அன்னியர் 1975 முதல் பார்லிமெண்டுத் தேர்தலிலேயே ஓட்டளிக்கலாம். இங்கிலாந்தில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் தேசத்தவர், இந்தியர் உட்பட, ஓட்டராகப் பதியலாம். ஸ்வீடன் 1976 முதல் அன்னியருக்கு ஸ்தல தேர்தலில் மட்டும் ஓட்டு வழங்கிற்று. ஐரோப்பிய ஐக்கியத்திலுள்ள தேசங்களில், ஒரு தேசத்துப் பிரஜை மற்றொரு தேசத்தில் வசித்தால் அவ்வூர் நகரசபைத் தேர்தலில் கலந்துகொள்ளலாம். அமெரிக்காவில் முற்காலத்தில் பல ராஜ்யங்கள் பிரஜையல்லாதவருக்கும் ஓட்டளித்திருந்தன. 1926-க்குள் அவ்வழக்கம் ராஜ்யத் தேர்தல்களில் ஒழிந்தது. இப்பொழுது சில நகரங்களே ஸ்தல விஷயங்களுக்கு இடமளிக்கின்றன. ஊர்ச் சாக்கடையும் பள்ளிக்கூடமும் அங்கு வசிப்போர் அனைவருக்கும் பொது என்பது ஒரு கொள்கை. ஆட்சி என்பது அத்தேசத்தோடு தம் கதியைப் பிணைத்துக்கொண்டவர் பொறுப்பு என்பது மற்றொரு கொள்கை. இந்தியா இரண்டாவதையே, சட்டசபைக்கும் பஞ்சாயத்துக்கும் பேதமின்றி, மேற்கொண்டிருக்கிறது.

பெயர் நீக்கப்பட்டால்

2025-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் ஜாபிதாவின் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. அதே வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவு ஜாபிதாவில், இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிந்தவர் முதலிய காரணங்களால் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவரையும் இருமுறை பதிந்தவரையும் நீக்குவது அவசியமே. ஆனால் பகலெல்லாம் மில்லில் இருப்பவருடைய வீடு, அலுவலர் வரும் வேளையில் பூட்டியே இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வாடகை வீட்டை மாற்றுகிறவர், பழைய இடத்தில் இல்லையென்று நீக்கப்பட்டு, புதிய இடத்தில் மனுச் செய்யாமலும் இருந்துவிடுவார். பிரஜையாயிருந்தும் ஓட்டு இல்லாதவர் இவ்வாறே உண்டாகிறார்.

இத்தகையோருக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. தக்க நோட்டீஸும், தம் கட்சியை எடுத்துரைக்கச் சந்தர்ப்பமும் அளித்தே பெயரை நீக்கவேண்டும் என்பது விதி. முன்னரே ஜாபிதாவில் கண்ட ஒருவரைப் பிரஜையல்லர் என்று நீக்க முற்பட்டால், அதற்கான ஆதாரங்களை அவருக்கு அறிவித்து, அவர் காட்டும் தஸ்தாவேஜுகளைப் பரிசீலித்தே முடிவு செய்யவேண்டும் என்று 1995-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. புதிதாக மனுச் செய்பவரோ தாமே தம் தகுதியை நிரூபித்தல் வேண்டும். பதிவு அலுவலரின் உத்தரவின்மேல் 15 நாட்களுக்குள் ஜில்லா தேர்தல் அதிகாரியான கலெக்டருக்கும், அவர் உத்தரவின்மேல் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் அப்பீல் செய்யலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

வரைவு ஜாபிதா வெளியாகும் போதெல்லாம் சங்கக் காரியதரிசி அதன் பிரதியொன்றைச் சங்கக் கட்டடத்தில் வைத்து, மாதக் கூட்டத்தில் வார்டு வாரியாக வாசிக்கச் செய்யலாம். எழுத்தறியாத அங்கத்தினர் தம் பெயர் இருப்பதைக் காதாலேனும் கேட்டறிவர். பெயர் இல்லாதவருக்கு 6-ஆம் நம்பர் படிவமும், இடம் மாறியவருக்கும் பிழை திருத்த விரும்புபவருக்கும் 8-ஆம் நம்பர் படிவமும், இறந்தவர் பெயரை நீக்குதற்கு 7-ஆம் நம்பர் படிவமும் உரியன. அபேட்சகர் மனுக் கொடுக்கும் கடைசி நாள் வரையில் பெயர் சேர்க்கச் சட்டம் இடமளித்தாலும், கடைசி நாள்வரை காத்திருப்பது உசிதமன்று.

குழந்தை பிறந்தவுடன் ஜனனத்தைப் பதிந்து சர்ட்டிபிகேட்டு வாங்கி வைப்பது மிகவும் முக்கியம். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் பிழையின்றி எழுதப்பட்ட அந்த ஒரு காகிதம், பதினெட்டு வருஷம் கழித்து அக்குழந்தைக்கு எவ்வளவு பயன்படும் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். நிலப் பட்டாவையும் சங்கக் கடன் பத்திரத்தையும் பெட்டியில் பூட்டி வைக்கும் குடியானவர், இச்சான்றையும் அவற்றோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

வெளி ராஜ்யத்திலிருந்து வந்து கிராமத்தில் தங்கியுள்ள தொழிலாளருக்கு இவ்விதிகளை எடுத்துரைத்து, எங்கே பதிவது அவர்களுக்கு ஏற்றது என்பதை அவர்களே தீர்மானிக்க உதவுவதும் சங்கத்தின் நற்பணியாகும். பிரஜையல்லாதவரிடம் மரியாதையாக, அவருக்கு ஓட்டு இல்லை என்பதையும் பொய் மனுவால் வரும் தண்டனையையும் சொல்லிவிடுதல் அவருக்குச் செய்யும் உபகாரமே. சங்க ரிஜிஸ்தர் சுத்தமாயிருந்தால் சங்கம் செழிக்கும் என்பது அங்கத்தினரின் அனுபவம். ஓட்டர் ஜாபிதாவும் அத்தன்மையதே. இருக்கத்தக்கவர் ஒருவரும் விடுபடாமலும், இருக்கத்தகாதவர் ஒருவரும் நுழையாமலும் அதைக் காப்பது அந்தந்த ஊராரின் கண்காணிப்பைப் பொறுத்திருக்கிறது.